நகல் கோப்புகள்: ஹார்ட் லிங்க்கா, சிம்லிங்க்கா?

ஒரே கோப்பு பல நகல்களாக இடத்தை அடைத்தால், ஒன்றை அசலாக வைத்துக்கொண்டு மற்றவற்றை லிங்க்காக மாற்றலாம். லினக்ஸில் நகல்களைக் கண்டுபிடிக்கும் ஆர்டிஃபைண்ட் (rdfind) என்ற கருவி ஹார்ட் லிங்க், சிம்லிங்க் இரண்டையும் போட்டுத் தரும். கட்டளையில் முதலில் கொடுக்கும் ஃபோல்டரில் இருப்பதே அசல்; அதனால் பேக்கப் ஃபோல்டரை முன்னால் எழுதிவிடாதீர்கள். முதலில் 'டிரை ரன்' (எதையும் மாற்றாமல், என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை) போட்டுப் பாருங்கள்.

சிம்லிங்க் வேறு பார்ட்டிஷனுக்கும் (டிஸ்க்கின் வேறு பகுதிக்கும்) போகும். ஆனால் அது வெறும் முகவரிச் சீட்டு; அசலை நகர்த்தினாலோ பெயர் மாற்றினாலோ அறுந்துவிடும்.

ஹார்ட் லிங்க்கில் எல்லாப் பெயர்களுக்கும் ஒரே ஐநோடு (டிஸ்க்கில் கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு). ஒன்றை அழித்தாலும் மற்றது திறக்கும். ஒரே பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான். லினக்ஸின் இஎக்ஸ்டி4 (ext4) கோப்பு முறைமையில் ஒரு கோப்புக்கு 65,000 லிங்க் வரை. பெர்மிஷனும் (யார் படிக்கலாம், எழுதலாம் என்பதும்) பொதுவாகிவிடும். சிக்கல் திருத்தும்போதுதான்: சில மென்பொருள்கள் அதே கோப்பின் மேலேயே எழுதும், எல்லா இடத்திலும் மாறிவிடும். சில புதுக் கோப்பாகச் சேமித்துப் பெயர் மாற்றும், லிங்க் சத்தமில்லாமல் பிரிந்துவிடும்.

மாறாத படங்களுக்கு ஹார்ட் லிங்க்கே சரி. கான்ஃபிக் கோப்புகளில் (மென்பொருளின் அமைப்புகள் இருப்பவற்றில்) அதைத் தொடவே வேண்டாம்.