வெள்ளத்துக்குப் பிறகும் நின்ற அலமாரி: பிளைவுட்டுடன் எட்டு ஆண்டுகள்

2017இல் திருநெல்வேலி சிந்துபூந்துறை வீட்டைப் புதுப்பித்தோம். செங்கோட்டை மரக்கடைகளில் தேக்கு விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி, அடுக்களை அலமாரிக்கு 19 மி.மீ. பிளைவுட் என்று முடிவானது. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள பலகைதான் வேண்டும் என்று ஆசாரி ஒற்றைக்காலில் நின்றார். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கும் ரகம் அது. செலவு கூடுகிறதே என்று எனக்கு மனத்தாங்கல். அதை ஈடுகட்ட, படுக்கையறை அலமாரியையும் பிள்ளைகளின் மேசையையும் கடையில் செய்துவைத்த, மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டில் வாங்கினேன்.

ஆறு ஆண்டுகள் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. படுக்கையறை அலமாரியின் கீல் மட்டும் இருமுறை பெயர்ந்தது. பார்ட்டிகிள் போர்டில் திருகு ஒருமுறை தளர்ந்துவிட்டால் அதே துளையில் மறுபடி பிடிக்காது.

2023 டிசம்பரில், 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பின் கதவைத் திறந்து முதலில் மேசையைத்தான் தொட்டேன். கால்கள் இரண்டு மடங்கு உப்பியிருந்தன. விரலால் அழுத்தியதும் நனைந்த தவிடு போல உதிர்ந்தது. மேலே ஒட்டிய தாள் மட்டும் தோலாகத் தொங்கியது. பிள்ளைகள் அழுதுவிட்டார்கள்.

அடுக்களையில் முழங்கால் உயரத்துக்குச் சேறு. ஆசாரி கதவுகளைக் கழற்றிக் கழுவி, நிழலில் கிடத்திப் பத்து நாள் உலர்த்தினார். வெயிலில் போட்டால் கோணிக்கொள்ளுமாம். பன்னிரண்டு கதவுகளில் பதினொன்று திரும்ப ஏறின. அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

வீணான ஒரு கதவும் அதை ஒட்டிய அடிப்பலகையும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்தவை. அங்கே வெள்ளத்துக்கு முன்பே நோய் இருந்தது. குழாய்க்காக வெட்டிய ஓட்டையின் விளிம்பை மூடாமல் விட்டிருந்தோம். பிளைவுட்டில் மெல்லிய மரத்தகடுகளை நார் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி அடுக்கி ஒட்டுகிறார்கள். அதனால் அகலத்திலும் நீளத்திலும் அவ்வளவாக அசையாது. ஆனால் வெட்டிய விளிம்பு திறந்த வாய்; சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு உயர்ந்த பலகையாக இருந்தாலும் இதற்கு விலக்கில்லை.

இப்போது படுக்கையறை அலமாரியும் 710 பலகைதான். தரைக்கும் பலகைக்கும் இடையே நான்கு அங்குலக் கருங்கல் மேடை கட்டியிருக்கிறோம். தொட்டிக்கடியில் புதிதாகப் போட்ட பலகையின் ஓட்டை விளிம்புக்கு நானே குனிந்து உட்கார்ந்து இரண்டு பூச்சு வண்ணம் அடித்தேன். மாதம் ஒருமுறை கைவிட்டுத் தடவிப் பார்க்கிறேன். இதுவரை ஈரம் இல்லை.