பித்தளை கேப் இழுக்கும் டை: பல வருடம் ஓட்டிப் பார்த்ததில்

ராணிப்பேட்டை சிப்காட்டில் எங்கள் பிரஸ் பட்டறையில் தோல்பை வார் நுனிக்கு மாட்டும் பித்தளை கேப் அடிக்கிறோம். அரை மி.மீ. கனமுள்ள 70/30 பித்தளை (70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம்) ஷீட்டில் 33 மி.மீ. வட்டம் வெட்டி, 19, 15, 12 மி.மீ. விட்டம் என மூன்று டிராவில் இறக்குவோம். டிரா என்றால், பஞ்ச் என்னும் குத்தியால் தகட்டை டை என்னும் அச்சின் வாய்க்குள் தள்ளிக் கிண்ணமாக இழுப்பது. மூன்று டையும் எச்.சி.எச்.சி.ஆர். ஸ்டீல், அதாவது கார்பனும் குரோமியமும் அதிகமுள்ள ஸ்டீல். நான் சொல்வது ஒன்றுதான்: கேப்பில் கோளாறு வந்ததும் டையைக் கழற்றாதீர்கள். முதலில் ஷீட்டின் பதத்தையும் எண்ணெயையும் பாருங்கள்.

முதல் டிராவில் விளிம்பு சுருங்கினால், வட்டத்தை அமுக்கிப் பிடிக்கும் பிளாங்க் ஹோல்டருக்கு அழுத்தம் போதவில்லை. அடி கிழிந்தால் அழுத்தம் அதிகம், இல்லையென்றால் டை வாயின் ரேடியஸ் சிறியது. எங்களுடையது 3 மி.மீ., அதாவது ஷீட் கனத்தில் ஆறு மடங்கு. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இரண்டாவது டிராதான் வேலை வாங்கும். முதல் இழுப்பிலேயே பித்தளை விறைத்துவிடுகிறது, அதனால் நடுவில் அனீல் செய்தே, அதாவது சூளையில் சூடாக்கி மென்மையாக்கியே ஆக வேண்டும். 550 டிகிரி எங்களுக்குச் சரியாக இருக்கிறது. 700-ஐத் தாண்ட விட்டால் உலோகத்தின் மணி (உள்ளிருக்கும் நுண்படிகம்) பெருத்து, இழுத்த பிறகு மேல்பரப்பு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரக்கும், பாலிஷில் சம்பளம் கரையும். சூளையிலிருந்து வந்ததை நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலத்தில் கழுவி, நன்றாக அலச வேண்டும். கருப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அடுத்த டையைத் தேய்த்துவிடும்.

அக்னி நட்சத்திரத்தில் வேலூர்ப் பக்கத்து வெயில் தெரியும்தானே? எண்ணெய் இளகி, பித்தளைத் துணுக்கு டை வாயில் ஒட்டிக்கொள்ளும். கேப்பின் பக்கச்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். நகத்தை வைத்துக் குறுக்கே ஓட்டினால் சிக்கும். அப்போது கிரைண்டிங் தேவையில்லை. மெல்லிய எமரியால் ஒட்டியதை எடுத்துவிட்டு, டைமண்ட் பேஸ்ட் போட்டு உலோகம் பாயும் திசையிலேயே தேய்த்தால் போதும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறலே அடுத்த துணுக்கைப் பிடித்து வைக்கும். கோடை முழுக்கக் கொஞ்சம் கெட்டியான எண்ணெய் போடுங்கள். ஆனால் ஊற்றாதீர்கள், எண்ணெய் தேங்கினால் வெளியேற வழியில்லாமல் கேப்பில் குழி விழும்.

எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்தது வெடிப்புதான். ஒரு தோல் கம்பெனி ஸ்டோரிலிருந்து பெட்டி திரும்பி வந்தது. நல்லதாக அனுப்பிய கேப்பில் வாயிலிருந்து நெடுக்காக மயிரிழை வெடிப்பு. டையைப் பொருத்தும் பிட்டர் அண்ணன், டையில் பித்தளை ஒட்டுவதால்தான் என்றார், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் ஸ்டோருக்குப் பக்கத்துச் சுவரில்தான் டீலைமிங் டிரம். அம்மோனியம் உப்பு போட்டுத் தோலின் சுண்ணாம்பை எடுக்கும் இடம், அம்மோனியா வாசம் மூக்கில் ஏறியது. இழுத்த பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும், அதன்மேல் ஈரமும் அம்மோனியாவும் பட்டால் தானாகவே வெடிக்கும். இந்தியாவில் ஆங்கிலேய ராணுவத்தின் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் குதிரை லாயத்துக்கு அருகில் இருந்தபோது வெடித்ததும் இதனால்தான். காரணம் 1921-இல்தான் தெளிவானது. தோட்டா உறைக்கும் இதே 70/30 கலவைதான்.

கடைசி டிரா முடிந்ததும் 260 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுக்கிறோம். கடினம் பெரிதாகக் குறைவதில்லை, இறுக்கம் மட்டும் தளர்கிறது. அதற்குப் பிறகு வெடிப்புப் புகார் வரவில்லை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பித்தளைச் சாமான் அனுப்புகிறவர்கள் இதை விடவே கூடாது.

டைக்கு வருகிறேன். முதல் இரண்டும் இன்னும் தாங்கும். மூன்றாவது வாய் தேய ஆரம்பித்திருக்கிறது, அதில் மட்டும் கார்பைடு வளையம் போடச் சொல்லியிருக்கிறேன். விலை கூடும், ஆனால் பித்தளை அவ்வளவாக ஒட்டாது. கூடவே அந்தப் பஞ்சில் காற்றுத் துளையையும் சற்றுப் பெரிதாகக் கேட்டிருக்கிறேன், இப்போதுள்ள துளையில் எண்ணெய் அடைத்து, கேப் பஞ்சை விட்டுக் கழல மறுக்கிறது.