1,150 ரூபாய் ரௌட்டர்: ஐந்து ஆண்டுகளுக்குப் பின்

ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் குடியிருக்கும் என் தங்கை மகள் போன வாரம் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, லேப்டாப்புக்கு ஒரு வைஃபை ரௌட்டர் வாங்கணும். ரெண்டாயிரத்துக்கு மேல போகக் கூடாது. நீங்க வச்சிருக்கிறதையே வாங்கிடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று அவள் திருப்பிக் கேட்டபோதுதான், சொல்லத் தகுந்த காரணம் எதுவும் கைவசம் இல்லை என்று உணர்ந்தேன். அந்த ரௌட்டர் மூன்று மாதமாக ஒருமுறைகூட அணையவில்லை. ஆனாலும் அதன் மீது எனக்கிருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.

2020 ஜூன் மாதம், வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டிய நிலை வந்தபோது, சேலம் கொண்டலாம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டுக்காக 1,150 ரூபாய் கொடுத்து அதை வாங்கினேன். ஃபைபர் இணைப்புக் கொடுத்தவர்கள் சுவரில் மாட்டிய பெட்டியில் வைஃபை கிடையாது, ஒரே ஒரு கேபிள் துளைதான். தங்கை மகள் வீட்டிலும் அப்படித்தானாம். (வாங்கக் கிளம்புவதற்கு முன் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். இப்போது மாட்டப்படும் பல பெட்டிகளில் வைஃபை உள்ளேயே இருப்பதால், தனி ரௌட்டருக்குத் தேவையே இல்லாமல் போகலாம்.) நான் வாங்கிய ரௌட்டருக்கு இரண்டு ஆன்டெனா, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே வைஃபை அலைவரிசை மட்டும், அட்டைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்) என்ற விளம்பரம். அந்த 300ஐ நான் ஒருநாளும் கண்டதில்லை, காணவும் முடியாது. அலைவரிசை 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் முழுதாகக் கிடைத்து, மடிக்கணினியிலும் இரண்டு ஆன்டெனா இருந்தால் மட்டுமே அந்த எண் திரையில் தோன்றும். எங்கள் தெருவைப் போல வீட்டுக்கு வீடு வைஃபை இருக்கும் இடத்தில் அகலம் 20க்குச் சுருங்கிவிடும், ஒற்றை ஆன்டெனா உள்ள என் பழைய மடிக்கணினி 72 என்று காட்டும். அப்படியே 300 கிடைத்தாலும், ரௌட்டரின் பின்பக்கக் கேபிள் துளைகள் 100க்கு மேல் விடாதவை. என் இணைப்போ 50 எம்பிபிஎஸ் திட்டம். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அதை எட்டால் வகுத்தால் நொடிக்கு ஆறு மெகாபைட் சொச்சம், அது குறையில்லாமல் வந்தது. ஆகவே வேகத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

வீச்சும் அப்படித்தான். முதலில் அதை இரும்பு பீரோவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன், கட்டில் அருகே சிக்னல் மைனஸ் 79 என்று கைபேசிச் செயலி காட்டியது (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது). பீரோவின் தலைமேல் ஏற்றி வைத்ததும் மைனஸ் 58 ஆனது. 21 டெசிபெல் வித்தியாசம் என்றால் சிக்னலின் வலு நூறு மடங்குக்கு மேல், அதற்கு எனக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் அந்த இடம்தான் பிற்பாடு வேறு வகையில் வினையானது.

என் தொழில் கணக்கு எழுதுவது. ஜவ்வரிசி ஆலைகள், கொலுசுப் பட்டறைகள், இரண்டு மூன்று ஜவுளிக் கடைகள் என வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி என்ற மாதாந்திர வரிக் கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். நான்காம் ஆண்டின் கோடையில் ஒரு 20ஆம் தேதி மாலை, பக்கத்து அறையில் மகள் காணொளி வகுப்பில் இருக்க, நான் ஓடிபி எண்ணை உள்ளிடப் போன நேரத்தில் ரௌட்டரின் எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. பின்னர் பவர் விளக்கு எரிந்தது. சிறிது நேரம் கழித்து அதற்கடுத்தது மினுக்கியது, பிறகு வைஃபை விளக்கு, கடைசியாக உருண்டைப் படம் போட்ட இணைய விளக்கு ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறியது. ஒன்றரை நிமிடம். தாக்கல் பாதியில் நின்றது. அடுத்த எட்டு மாதங்களில் அந்த விளக்கு வரிசையை நான் எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை. வேலையில்லாத நேரத்தில் நாள் முழுவதும் சமர்த்தாக இருக்கும். காணொளிக் கூட்டம் ஒன்று தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் கண்ணை மூடிவிடும்.

முதலில் பக்கத்து விசைத்தறிக் கூடத்தைச் சந்தேகித்தேன். எட்டுத் தறிகளின் மோட்டார்கள் ஓடத் தொடங்கும்போது எங்கள் வீட்டு டியூப்லைட்டே ஒருமுறை துடிக்கும். எனவே ரௌட்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன், பயனில்லை. அடுத்து அக்கம்பக்கத்து வைஃபை நெரிசலைச் சந்தேகித்து, ரௌட்டரை அலைவரிசையின் ஆறாவது பகுதியான சேனலிலிருந்து பதினொன்றாவதற்கு மாற்றினேன். பக்கத்து வீட்டாருக்கு நன்மையாகியிருக்கலாம், எனக்கில்லை. மென்பொருளைப் புதுப்பித்தேன். அடாப்டரையும் விடவில்லை. என்னிடமிருந்த மல்ட்டிமீட்டரால் அளந்தேன், 9 வோல்ட் அடாப்டர் 9.1 காட்டியது. அதோடு அதை நிரபராதி என்று விடுவித்துவிட்டு, ரௌட்டரையும் அதைச் செய்தவர்களையும் ஏசத் தொடங்கினேன். வாரண்டிக் காலம் முந்தைய ஆண்டே முடிந்திருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு சிறு பழுதுபார்ப்புக் கடையில் ரௌட்டரையும் அடாப்டரையும் கொண்டுபோய் வைத்தேன். கடைக்காரர் ரௌட்டரைத் திறக்கவேயில்லை. அடாப்டர் வயரின் தோலை இரண்டு இடத்தில் லேசாகச் சீவி, மீட்டரின் முனைகளைப் பிடித்துக்கொண்டு, பின்னை ரௌட்டரில் செருகச் சொன்னார். 9.1 என்றிருந்த எண் 7.4க்கு இறங்கியது. என் கைபேசியில் ஒரு காணொளியை ஓடவிட்டதும் 6.8, 6.3 என்று சரிந்தது, விளக்குகள் அணைந்தன, எண் துள்ளி மறுபடி 9ஐத் தொட்டது. "அண்ணே, சும்மா வச்சு அளந்தா எல்லா அடாப்டரும் நல்லதுதான்," என்றார். பிறகு ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் நெம்பி அடாப்டரைப் பிளந்து காட்டினார். உள்ளே சுண்டுவிரல் நுனியளவு மின்தேக்கி (மின்சாரத்தைச் சேமித்து, சீராக்கித் தரும் கப்பாசிட்டர்), அதன் தட்டையான தலை பூரி போல் உப்பியிருந்தது.

காரணம் எளிது. ரௌட்டர் சும்மா இருக்கும்போது குறைந்த மின்னோட்டமே எடுக்கிறது, தரவு அடர்த்தியாகப் போகும்போது கூடுதலாகக் கேட்கிறது. வற்றிப்போன மின்தேக்கியால் அந்தக் கூடுதலைக் கொடுக்க முடியவில்லை. இவ்வகை மின்தேக்கிகளுக்குச் சூடு ஆகாது. 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு. சேலத்து ஏப்ரல் வெயிலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, பீரோவின் தலைமேல் நீட்டிப்புப் பெட்டியோடு சேர்த்து அந்த அடாப்டரை நான்கு கோடை வேக வைத்தவன் நான்தான். 180 ரூபாய்க்கு 9 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்று கொடுத்தார். பழையது 0.6 ஆம்பியர். வோல்ட் அதேயாகவும் பின்னின் துருவம் மாறாமலும் இருந்தால் போதும், ஆம்பியர் கூடுதலாக இருப்பதில் கெடுதல் இல்லை. அன்றிலிருந்து ரௌட்டர் அணையவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, தங்கை மகளிடம் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையும் உள்ளதாக ஒன்று வாங்கச் சொன்னேன். பெட்டியில் 1200 என்று போட்டிருந்தால் அது இரண்டு அலைவரிசையின் 300ஐயும் 867ஐயும் கூட்டி, தோராயமாக்கிச் சொல்வது, பின்பக்கத் துளை 100தானா 1000மா என்று கேட்டுக்கொள் என்றும் சொன்னேன். உண்மையில் 5 கிகாஹெர்ட்ஸ் என் தெருவுக்குத்தான் தேவை. அவள் வீட்டைச் சுற்றிச் சில்வர் ஓக் மரங்களும் மிளகுக் கொடியும் இருக்கின்றனவே தவிர, போட்டிக்கு வேறு வைஃபை இல்லை. சுவரைத் தாண்டுவதிலும் 2.4தான் மேல். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் அடாப்டர் வேகும் பேச்சும் இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது கோடை இடிதான். ஃபைபர் வழியே மின்னல் வராது, மின்கம்பி வழியே வரும், ஆகவே இடி தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் என் ரௌட்டரை வாங்காதே என்றேன்.

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "அவ்வளவு பொருத்தம்னா நம்மகிட்ட இருக்கறதையே அவளுக்குக் குடுத்துட்டு, நீங்க புதுசு வாங்கிக்கிட்டா என்ன?" என்றார். நியாயமான யோசனைதான். ஆனால் பீரோவின் மேல் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்த அதை எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 20ஆம் தேதி வேறு நெருங்குகிறது.