தாயமா, போன் லூடோவா? லாக்டவுன்ல எது மேல்

2020 மார்ச் 25 லாக்டவுன் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எங்க செங்கோட்டை பக்கம் நிறைய வீட்ல ரெண்டு ஆட்டம்தான் ஓடுச்சு, ஒண்ணு தாயம், இன்னொண்ணு போன்ல லூடோ.

என்னைக் கேட்டா வீட்டுக்குள்ள தாயம்தான். செலவே கிடையாது, தரையில சாக்பீஸ்ல கட்டம் போட்டு, புளியங்கொட்டைய ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் தரையில வெள்ளையா வர்ற வரைக்கும் தேய்ச்சா போதும், அந்த தேய்க்கிற வேலையிலயே பிள்ளைகளுக்கு பொழுது ஓடிரும். பித்தளை கட்டை இருந்தா இன்னும் நல்லது, ரெண்டையும் உருட்டி மொத்தம் 1 விழுந்தாதான் தாயம், அப்பதான் காயே இறங்கும், 5, 6, 12 விழுந்தா மறுபடி உருட்டலாம். எல்லாரும் பாதி தூரம் போயிட்டு ஒருத்தருக்கு மட்டும் தாயமே விழாம இருக்கும்போது ஆச்சி போடுற சத்தம் இருக்கே, அதெல்லாம் போன்ல வராது.

லூடோல காய் இறங்க 6 விழணும். கணக்க போனே பாத்துக்கும், காய் தானா நகரும், சின்னப் பிள்ளைங்க விரல் விட்டு எண்ணுறதுக்கு வேலையே இல்ல. நடுவுல விளம்பரம் வேற.

ஆனா ஒரு விஷயத்துல லூடோதான் பெருசு. புளியரை செக்போஸ்ட்ட தாண்டி கேரளா பக்கம் ஆரியங்காவு, புனலூர்னு நமக்கு எவ்வளவு சொந்தம் இருக்கு, அப்போ பாஸ் இல்லாம அங்கிட்டும் இங்கிட்டும் போக முடியாது, அத்தை அங்க தனியா, நாம இங்க, ஆட்டத்துல சேர்ற கோட் (code) அனுப்பி சேந்து ஆடினா "ஏ மக்கா, என் காய வெட்டிராத"ன்னு அவங்க குரலாவது கேக்கும். அதுக்காகவே தினம் சாயங்காலம் ஒரு ஆட்டம் லூடோ, மத்த நேரமெல்லாம் தாயம்.