கிளட்ச் மிதித்தா, மிதிக்காமலா: வேகமாகக் கியர் மாற்ற எது சரி?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் லைசென்ஸ் எடுத்த கையோடு தம்பிமார் கேட்பது இதைத்தான்: "அண்ணே, கிளட்ச் மிதிக்காமல் போட்டால் கியர் வேகமாக விழுமாமே?"

கியர் விழும், இன்ஜின் சுற்று பொருந்தினால். வேகமாகவா என்பது வேறு கதை. இரண்டாம் கியரில் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் காருக்கு மூன்றாம் கியரில் ஏறத்தாழ 2,000 போதும். சுற்று அங்கே இறங்கும் அந்த நொடியைக் காது பிடிக்க வேண்டும்.

வேகம்
மிதித்து: காலும் கையும் பழகினால் அரை நொடி வேலை.
மிதிக்காமல்: சுற்று இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். சாலைக் காரில் இதுதான் மெதுவு!

தேய்மானம்
மிதித்து: கிளட்ச் தட்டு கொஞ்சம் தேயும். ஆனால் அது அதிகம் தேய்வது நின்ற வண்டியைக் கிளப்பும்போதுதான். ஓட்டத்தில் மிதிக்காமல் மிச்சப்படுத்துவது சொற்பம்.
மிதிக்காமல்: தவறினால் அடி சிங்க்ரோ வளையத்துக்கு, அதாவது கியர்கள் சேருமுன் அவற்றின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையத்துக்கு. கிளட்ச் மிதித்திருந்தால் அந்த வளையம் இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் வாங்கும் தண்டையும் கிளட்ச் தட்டையும் மட்டும் இழுத்தால் போதும். இல்லையேல் முழு இன்ஜினையும் இழுக்கப் பார்க்கும். அது முடியாமல் பற்கள் மோதுவதுதான் 'கர்ர்' சத்தம்.

செலவு
கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கினால் போதும். சிங்க்ரோ என்றால் அதைப் பிரிக்கவும் வேண்டும்.

டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் மேட்டில் ஏறுகிறவர், பின்னால் லாரி வர, மிதித்தே மாற்றட்டும். கிளட்ச் கேபிள் வழியில் அறுந்தால் மிதிக்காத வித்தை வீடு சேர்க்கும். காலி சாலையில் பழகி வைக்கலாம். லைசென்ஸ் சோதனைக்கு வேண்டாம். அங்கே கண்டிப்பு அதிகம்: மேட்டில் வண்டி பின்னால் உருண்டாலே தோல்வி.