புளூபெரி, காட்டு புளூபெரி, பில்பெரி: எதை எதற்கு எடுப்பது?

புளூபெரி என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று தனித்தனிச் செடிகளின் பழங்கள் புழங்குகின்றன. மூன்றும் வாக்சினியம் என்ற பேரினம்தான், அக்கா தங்கைகள் மாதிரி. ஆனால் ஒருத்தியின் பெருமையை எடுத்து இன்னொருத்தி தலையில் வைத்துப் பேசுவது ரொம்ப நாளாக நடக்கிறது, எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம். அதனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

முதலில் பழத்தை இரண்டாக வெட்டுங்கள். பெரிய உருண்டையாக, உள்ளே வெளிர்ப் பச்சையாக இருந்தால் அது உயரப் புதரில் காய்க்கும் பயிர் புளூபெரி. உள்ளேயும் கருஞ்சிவப்பாக இருந்து விரல், நாக்கு, பல் எல்லாவற்றிலும் சாயம் ஏற்றினால் அது ஐரோப்பாவின் பில்பெரி. காட்டு புளூபெரி அளவில் சின்னது, முழங்காலைத் தாண்டாத குட்டைச் செடி, பழம் சின்னது என்பதால் சதையை விடத் தோலின் பங்கு அதிகம், நிறமும் மணமும் பெரும்பாலும் தோலில்தானே இருக்கிறது.

பயிர் புளூபெரி வயதில் இளையது. நியூஜெர்சியில் கிரான்பெரி பண்ணை வைத்திருந்த எலிசபெத் வைட், அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவிலோடு 1911-ல் இதைத் தோட்டப் பயிராக்கும் வேலையைத் தொடங்கினார். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், இந்தச் செடிக்குப் புளிப்பான (அமிலத்தன்மை கொண்ட) மண் இல்லாவிட்டால் வாழ்வே இல்லை என்று ஃபிரெடரிக் கண்டுபிடித்திருந்தார். காட்டில் பழம் பறிப்பவர்களிடம் பெரிய பழம் காய்க்கும் புதரைக் காட்டச் சொல்லி, காட்டியவர் பெயரையே அந்தப் புதருக்கு வைத்தார் வைட். 'ரூபெல்' என்ற ரகம் அப்படி வந்ததுதான். முதல் விளைச்சல் விற்பனைக்கு வந்தது 1916-ல். ஆக, இன்று உலகம் முழுக்க டப்பாவில் வரும் பெரிய பழம் தோட்டப் பயிராகி நூறு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகிறது. இதன் விளம்பரத்தில் 'தொன்மையான ஐரோப்பிய மருந்து' என்று எழுதுவது சரியே இல்லை.

காட்டு புளூபெரியின் கதை வேறு, எனக்கு மனதுக்கு நெருக்கமானதும் இதுதான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் கனடாவின் கிழக்கிலும் இதை யாரும் நடுவதில்லை, மண்ணுக்கடியில் தண்டு ஓடித் தானே பரவும். நிலத்துக்கு நெருப்பு வைத்தால் மேலே இருப்பது எரிந்துபோய் அடியிலிருந்து புதுத் தளிர் வரும், அதற்கு அடுத்த வருடம் காய்க்கும். அந்த மண்ணின் பூர்வகுடிகள் அறிந்து செய்துவந்த வேலை இது. 1615-ல் வட அமெரிக்காவின் ஹியூரான் ஏரிப் பக்கம் போன பிரெஞ்சுப் பயணி சாம்ப்ளேன், அங்கிருந்தவர்கள் இந்தப் பழத்தைக் காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேமித்ததை எழுதி வைத்திருக்கிறார். உலர்ந்த பழத்தை உடைத்த மக்காச்சோளத்தோடு கூழாகக் காய்ச்சினார்கள், இறைச்சியோடும் கொழுப்போடும் இடித்து வழிநடை உணவாக்கினார்கள். அந்தப் பூர்வகுடிகளில் ஒரு மக்களான ஒஜிப்வேக்களின் மொழியில் இதற்கு 'மீன்' என்று பெயர், பழம் பழுக்கும் மாதத்துக்கே அந்தப் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். பழத்தின் உச்சியில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று இருக்கும், அடுத்த முறை பாருங்கள், நட்சத்திரப் பழம் என்று சிலர் ஏன் சொன்னார்கள் என்று புரியும்.

சரி, பில்பெரி. பெயர்க் குழப்பமே இங்கேதான் ஆரம்பம். ஸ்காட்லாந்தில் பிளேபெரி, இங்கிலாந்தில் வொர்ட்டில்பெரி, பிரெஞ்சில் மிர்ட்டில். ஸ்வீடனில் புளோபேர் என்றால் சொல்லுக்குச் சொல் 'நீலப் பழம்', ஆனால் அவர்கள் சொல்வது பில்பெரியை. பின்லாந்துக்காரர்கள் கறுப்பு என்ற பொருள் வரும்படி முஸ்திக்கா என்கிறார்கள், வெட்டிப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. அயர்லாந்தில் ஃப்ராகன், ஜூலைக் கடைசி ஞாயிறு மலையேறி இதைப் பறிப்பதற்கென்றே ஒரு நாள். புளூபெரியை நம் மொழியில் அவுரிநெல்லி என்று எழுதுகிறார்கள், சொல் அழகு, ஆனால் அவுரிக்கும் நெல்லிக்கும் இது உறவில்லை.

மருந்து என்று ஐரோப்பாவில் பேசப்பட்டது இந்தப் பில்பெரிதான். உலர்ந்த பழம் லேசான வயிற்றுப்போக்குக்கு. நீண்ட காலப் பழக்கத்தின் அடிப்படையில் ஐரோப்பிய மருந்து முகமையும் இதை ஏற்றிருக்கிறது. காயவைக்காத புதுப் பழத்தை நிறையச் சாப்பிட்டால் நேர் எதிராக வயிறு இளகும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் பில்பெரி ஜாம் சாப்பிட்டு இருட்டில் தெளிவாகப் பார்த்தார்கள் என்ற கதையை மட்டும் நம்ப வேண்டாம், கறாராக நடந்த சோதனைகள் அதற்குத் துணை நிற்கவில்லை.

என் தேர்வு இதுதான்: கையில் எடுத்து அப்படியே சாப்பிடப் பயிர் புளூபெரி, வேறு யோசனையே வேண்டாம். கேக், மஃபின், ஜாம் என்றால் உறைய வைத்த காட்டு புளூபெரி, ஏனென்றால் சின்னப் பழம் மாவில் சமமாகப் பரவும், பெரியது வெடித்து ஈரக் குழி விடும். 'பை' (pie) என்ற மாவுப் பலகாரத்துக்கும் சூப்புக்கும் பில்பெரி (ஸ்வீடனில் 90 கி.மீ. பனிச்சறுக்குப் போட்டியான வாசாலோப்பெட்டில் ஓடுபவர்களுக்கு வழியில் கொடுப்பது இந்த மாதிரி சூடான சூப்தான்). தொட்டியில் வளர்க்க நினைத்தால் பயிர் ரகம் மட்டும், மண்ணின் அமில அளவான பிஎச் 4.5 முதல் 5.5-க்குள் இருந்தால்.

பொடியாகவோ மாத்திரையாகவோ வாங்குகிறவர்கள் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுத் தாவரப் பெயரைப் படியுங்கள். மிர்ட்டில்லஸ் என்றிருந்தால் பில்பெரி, அங்குஸ்டிஃபோலியம் என்றால் காட்டு புளூபெரி, கோரிம்போசம் என்றால் பயிர் புளூபெரி.