உபுண்டு சர்வரில் நிலையான ரூட் எழுத நெட்பிளான்: ஒரு மதிப்பீடு

டெர்மினலில் 'ஐபி ரூட் ஆட்' கொடுத்துச் சேர்க்கிற ரூட் (எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழியாகப் பாக்கெட் போக வேண்டும் என்ற குறிப்பு) ரீபூட்டைத் தாண்டாது என்பது பலருக்கும் தெரியும். பல நேரம் அதுவரைகூட அது தாங்காது. இன்டர்ஃபேஸை (நெட்வொர்க் கார்டின் இணைப்பை) டவுன் செய்தாலே லினக்ஸ் கர்னல் அந்த ரூட்டை நீக்கிவிடும். நெட்வொர்க்கை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி சேவை ரீஸ்டார்ட் ஆனாலும் ஆபத்துதான்: தன் கன்ஃபிக்கில் இல்லாத ரூட்களை அது இயல்பாகவே துடைத்துவிடும். அதன் பிறகு, உதாரணமாக, பேக்கப் நெட்வொர்க்குக்குப் போக வேண்டிய பாக்கெட்டெல்லாம் சத்தமில்லாமல், தனி ரூட் இல்லாதவற்றுக்கான டிஃபால்ட் கேட்வே பக்கம் போகும். எந்த லாகிலும் பிழை என்று எதுவும் பதிவாகாது. உபுண்டுவில் 17.10 வெளியீடு முதல் இதற்கெனக் கொடுக்கப்பட்டிருக்கும் கருவி நெட்பிளான். சர்வர் வேலைக்கு இது நல்ல கருவி. ஆனால் இதன் மிகச் சிறந்த வசதியையே பலர் தவறாகப் புரிந்துகொண்டு பயன்படுத்துகிறார்கள்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். நெட்பிளான் நேரடியாக எந்த ரூட்டையும் போடுவதில்லை. இடிசி அடைவுக்குள் இருக்கும் நெட்பிளான் அடைவிலுள்ள யாமல் (இடைவெளியால் அடுக்கு காட்டும் உரை வடிவம்) கோப்புகளைப் படித்து, நெட்வொர்க்டிக்கோ நெட்வொர்க்மேனேஜருக்கோ புரிகிற கன்ஃபிக்காக மாற்றி, ரன் அடைவுக்குள் எழுதிவைக்கும். சர்வர் பதிப்பில் நெட்வொர்க்டிதான் இயல்பு. இந்த மாற்றம் ஒவ்வொரு பூட்டிலும் புதிதாக நடக்கும். அதனால் ரன் அடைவில் உருவான கோப்பைத் திறந்து திருத்துவது வீண் வேலை.

ரூட் எழுதும் முறை எளிது, படித்தாலே புரியும். இன்டர்ஃபேஸ் பெயருக்குக் கீழே 'ரூட்ஸ்' என்ற தலைப்பு. அதன் கீழ், சிறுகோட்டுடன் தொடங்கும் வரியில் 'டு' (சேர வேண்டிய நெட்வொர்க்) என்று 10.20.0.0/16, அதற்கு நேர் கீழே, சிறுகோடு இல்லாமல், 'வயா' (வழியான கேட்வே) என்று 192.168.1.254. தேவையானால் 'மெட்ரிக்' (முன்னுரிமை எண்; சிறியது முந்தும்) ஒரு வரி. ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு சிறுகோடுதான். 'வயா' வரிக்கும் இன்னொரு சிறுகோடு போட்டால் அது தனி ரூட்டாகப் படிக்கப்பட்டு, 'டு' இல்லை என்று பிழை வரும். இடைவெளிக்கு டேப் விசை கூடாது. யாமல் அதை ஏற்காது. இந்த மாதிரிப் பிழைகளில் எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த எழுத்து என்று நெட்பிளான் சுட்டிக்காட்டுவது பாராட்ட வேண்டியது. பழைய இன்டர்ஃபேசஸ் கோப்பில் 'அப்' வரியாக ஒரு கட்டளையை ஒட்டிவைத்து, அது ஓடியதா இல்லையா என்று தேடிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

டிஃபால்ட் கேட்வேக்கும் இப்போது இதே வடிவம்தான்: 'டு: டிஃபால்ட்'. முன்பிருந்த 'கேட்வே4' கைவிடப்பட்டுவிட்டது. எழுதினால் எச்சரிக்கை வரும். ஒரு நுணுக்கம் உண்டு. முகவரியைத் தானாகத் தரும் டிஹெச்சிபி வழியாக வரும் ரூட்டுக்கு நெட்பிளான் மெட்ரிக் 100 கொடுக்கும். நீங்கள் மெட்ரிக் இல்லாமல் எழுதும் ஐபிவி4 ரூட் 0 எனக் கணக்காகி அதை முந்திவிடும். இரண்டும் இருக்க வேண்டும், டிஹெச்சிபி முதலில் நிற்க வேண்டும் என்றால், உங்கள் ரூட்டுக்கு 200 போன்ற பெரிய எண்ணைத் தாருங்கள்.

இனி, இந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கவே காரணமாகச் சொல்லப்படும் 'நெட்பிளான் ட்ரை'. எஸ்எஸ்ஹெச் வழியாகத் தூரத்து சர்வரில் ரூட்டை மாற்றும்போது இதைவிட நல்ல பாதுகாப்பு கிடைப்பது கடினம். புதிய கன்ஃபிக்கை அமல்படுத்திவிட்டு 120 விநாடி காத்திருக்கும். அதற்குள் என்டர் தட்டினால் மாற்றம் நிற்கும். ரூட் தப்பாகி இணைப்பு அறுந்தால் உங்களால் என்டர் தட்ட முடியாது; நேரம் முடிந்ததும் பழைய நிலை தானாகத் திரும்பும், மறுபடி உள்ளே வரலாம். டைம்அவுட் விருப்பத்தைச் சேர்த்து விநாடிகளைக் கூட்டிக் குறைக்கலாம்.

ஆனால் திரும்புவது ஓடிக்கொண்டிருக்கும் நிலை மட்டும். நீங்கள் கையால் திருத்திய யாமல் கோப்பு திருத்தியபடியே கிடக்கும். 'ட்ரை' பழையபடி ஆக்கிவிட்டது என்ற நிம்மதியில் வெளியேறினால், அடுத்த ரீபூட்டில் அதே தப்பான கோப்பு மறுபடி படிக்கப்படும்; அப்போது காப்பாற்ற 120 விநாடி கிடையாது. எனவே திருத்துவதற்கு முன் கோப்பை நெட்பிளான் அடைவுக்கு வெளியே நகலெடுத்து வையுங்கள். அதே அடைவில் யாமல் என்ற முடிவோடு நகல் வைத்தால் அதுவும் கன்ஃபிக்காகவே படிக்கப்படும். 'ட்ரை' பின்வாங்கியதும் முதல் வேலையாக நகலைத் திரும்பப் போட வேண்டும். பாண்ட் (பல கார்டுகளை ஒன்றாக்குவது), பிரிட்ஜ் (இன்டர்ஃபேஸ்களை இணைப்பது) ஆகியவற்றுக்குத் தனி அளவுருக்கள் கொடுத்திருந்தால் 'ட்ரை' பின்வாங்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அப்படிப்பட்ட சர்வரில் கன்சோல் இணைப்பு கைவசம் இல்லாமல் மாற்றம் செய்யாதீர்கள்.

அடுத்த சிக்கல் பல கோப்புகள். கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படும். தனி மதிப்பு என்றால் பின்னால் வருவது முன்னதை மாற்றும். பட்டியல் என்றால் ஒன்றோடு ஒன்று சேரும். ரூட்ஸ் ஒரு பட்டியல். ஆகவே 50 என்று தொடங்கும் கோப்பில் இருக்கும் பழைய ரூட்டை 90 என்று தொடங்கும் கோப்பில் புதிது எழுதி நீக்க முடியாது. இரண்டுமே டேபிளில் (கர்னலின் ரூட் பட்டியலில்) ஏறும். 'நெட்பிளான் கெட்' எல்லாம் சேர்ந்த முடிவைக் காட்டும்; 'ட்ரை'க்கு முன் அதைப் பார்ப்பது நல்லது. கிளவுட் சர்வர்களில் 50-கிளவுட்-இனிட் என்ற கோப்பு இருக்கும். அதை, சர்வரைத் தொடக்கத்தில் அமைக்கும் கருவியான கிளவுட்-இனிட் மீண்டும் எழுதக்கூடும் என்று கோப்பின் தலையிலேயே குறிப்பு உண்டு. உங்கள் ரூட்டை அதில் எழுதாமல், 60 என்று தொடங்கும் தனிக் கோப்பில், அதே இன்டர்ஃபேஸ் பெயரின் கீழ் எழுதுங்கள். கோப்பின் அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத முடிவது) ஆக இருக்கட்டும். இல்லையென்றால் புதிய பதிப்புகள் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கும்.

கேட்வே உங்கள் சப்நெட்டுக்கு (நேரடியாக எட்டும் முகவரி வரம்புக்கு) வெளியே இருந்தால் கர்னல் ரூட்டை ஏற்காது. சர்வருக்கு /32 (வரம்பில் ஒரே முகவரி) முகவரி கொடுக்கும் இடங்களில் இது சகஜம். 'ஆன்-லிங்க்: ட்ரூ' என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

இரண்டு நெட்வொர்க் கார்டு, இரண்டு டிஃபால்ட் கேட்வே என்ற அமைப்பில்தான் நெட்பிளானின் முழு பலம் தெரியும். இரண்டையும் முதன்மை டேபிளில் போட்டால் எச்சரிக்கை வரும்; அதைப் புறக்கணிக்காதீர்கள். இரண்டாவது கார்டின் முகவரி 172.16.5.10 என்றால், அதன் டிஃபால்ட் ரூட்டுக்கு 'டேபிள்: 101' கொடுங்கள். 172.16.5.0/24 ரூட்டையும் 'ஸ்கோப்: லிங்க்' சேர்த்து அதே டேபிளில் எழுதுங்கள். பிறகு 'ரூட்டிங்-பாலிசி' தலைப்பின் கீழ் 'ஃப்ரம்: 172.16.5.10', 'டேபிள்: 101'. வந்த வழியே பதில் திரும்பும். இது இல்லாதபோது, பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்பில் பாக்கெட் உள்ளே வருவது தெரியும், பதில் மட்டும் போகாது. பதில் போகும் வழியும் பாக்கெட் வந்த வழியும் ஒன்றா என்று பார்க்கும் கர்னலின் ஆர்பி-ஃபில்டர், 1 என்ற கண்டிப்பான நிலையில் இருந்தால், அந்த பாக்கெட்டைக் கைவிட்டிருக்கும். ஃபயர்வாலைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள். இரண்டாவது கார்டில் கேபிள் எப்போதும் இருக்காது என்றால் 'ஆப்ஷனல்: ட்ரூ' சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூட் ஆகும்போது நெட்வொர்க்குக்காக இரண்டு நிமிடம் காத்து நிற்கும்.

ரெட் ஹேட் வழி சர்வர்களில் இதே வேலையை நெட்வொர்க்மேனேஜரின் கட்டளையான என்எம்சிஎல்ஐ செய்கிறது. அங்கே 'ஐபிவி4.ரூட்ஸ்' என்பதற்கு முன் கூட்டல் குறி போட மறந்தால், இருக்கிற ரூட்கள் எல்லாம் போய்ப் புதியது மட்டும் மிஞ்சும். எல்லாவற்றையும் கோப்பிலேயே கண்ணால் பார்க்க முடிகிற நெட்பிளான் முறை எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது. கோப்பை, மாற்றங்களின் வரலாறு காக்கும் கிட்டில் வைத்து, யார் எந்த ரூட்டை எப்போது சேர்த்தார் என்று பார்க்கவும் முடிகிறது.

சோதிக்கும்போது பிங்கை மட்டும் நம்பாதீர்கள். வேறு வழியாகவும் பதில் வரலாம். 'ஐபி ரூட் கெட் 10.20.5.7' கொடுத்தால், எந்த கேட்வே, எந்த இன்டர்ஃபேஸ், எந்த சோர்ஸ் முகவரி என்று கர்னலின் முடிவையே காட்டும். 'ஐபி ரூட்' பட்டியலில் நெட்வொர்க்டி போட்ட ரூட்டுக்கு அருகே 'புரோட்டோ ஸ்டாட்டிக்' என்று இருக்கும்; கையால் சேர்த்ததில் அந்தச் சொல் இருக்காது. சர்வர் கைமாறி வரும்போது, அடுத்த ரீபூட்டில் எந்தெந்த ரூட் காணாமல் போகும் என்பதை இதை வைத்தே எளிதாகக் கணிக்கலாம். உபுண்டு 24.04-இல் வரும் நெட்பிளான் 1.0 என்றால் 'நெட்பிளான் ஸ்டேட்டஸ்' கட்டளையோடு 'டிஃப்' விருப்பத்தைச் சேருங்கள்: யாமலில் இருந்தும் ஏறாதது, யாமலில் இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பது இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும்.